எட்டு

அடுப்பின் எடை ஆயிரத்து எண்ணூறு கிலோ.
எனக்கு வந்த நகலில்
எட்டின் இடப்பக்கம் மை பிடிக்கவில்லை.
மூன்று என்று படித்தேன்.
ஆயிரத்து முந்நூறுக்குக் கணக்குப் போட்டுக்
கையெழுத்திட்டு முத்திரை குத்தினேன்:
க்ரானியா டான்சி, கட்டமைப்புப் பொறியாளர், ஸ்லைகோ.

ஐநூறு கிலோ என்றால்
ஒரு முழுப் பசு.
யாருக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல்,
மாலக்கி ஃபீலியின் ரொட்டிக்கடை மரத்தளத்தில்
ஒரு பசுவை ஏற்றி நிறுத்திவிட்டேன்.

ஐந்து மாதம் நின்றது.
மார்ச்சில் ஒரு விடிகாலை
தளம் நாற்பத்தோரு மில்லிமீட்டர் இறங்கியது.
யாருக்கும் அடியில்லை.
(இதை எப்போதும் முந்திச் சொல்லிவிடுகிறேன்,
கேட்பவர் முகம் மாறுவதற்குள்.)

யானைக்கும் அடி சறுக்கும் என்கிறார்கள்.
சறுக்கிய யானை
யார் மேல் விழுந்தது என்று
ஒருவரும் கேட்பதில்லை.

ஒவ்வோர் அக்டோபரும் பிரீமியம் கட்டும்போது
முணுமுணுத்திருக்கிறேன்.
பதினாறு வருஷப் பணத்தில்
சமையலறையை இரண்டு முறை மாற்றியிருக்கலாம்.
'உன் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது?'
என்று கணவர் கேட்ட வருஷம்
நிறுத்திவிடவே நினைத்தேன்.
நிறுத்தும் படிவம் ஆறு பக்கம்.
சோம்பல்பட்டுக் கட்டினேன்.
என் வீட்டைக் காப்பாற்றியது
அந்தச் சோம்பல்.

டப்ளினிலிருந்து பேசினாள் ஓர்லா மன்னியன்,
காப்பீட்டு நிறுவனத்துக் குரல்.
'எல்லாக் காகிதங்களையும் அனுப்புங்கள்.
கிறுக்கல்களையும்.
இன்னொன்று.
அவரிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள்.
ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.
பாலிசியில் ஒன்பதாம் விதி.'

பதினாறு வருஷமாக அந்தப் பாலிசி
என் இழுப்பறையில் கிடந்தது.
ஒன்பதாம் விதியை
அன்றுதான் படித்தேன்.

உத்திரங்களுக்குப் பணம் போனது.
வக்கீலுக்குப் போனது.
மூடிக் கிடந்த பதினான்கு வாரத்தின்
விற்காத ரொட்டிகளுக்குப் போனது.
லித்துவேனியாவிலிருந்து வந்து மாவு பிசையும் ரீமான்தாஸுக்கு
வெள்ளிக்கிழமைச் சம்பளம்
ஒரு வாரமும் தவறவில்லை.
நான் வீட்டை விற்றிருந்தால்
பாதிக் கடன் அடைந்திருக்கும்,
மாலக்கிக்குப் பாதிக் கடை கிடைத்திருக்கும்,
எங்கள் இருவருக்கும்
முழுப் பகை மிஞ்சியிருக்கும்.

நான் மட்டும்
எதிர்ச்சாரியில் நடந்தேன்.
குடையை அவர் கடைப் பக்கம் சாய்த்து.
ஸ்லைகோவில் மழைக்குப் பஞ்சமில்லை,
நல்லவேளை.
வாய்க்குள் ஒரு சொல்
வேகாத மாவாய் உப்பிக்கொண்டே போனது.

ஜூலையில் உடன்பாடு கையெழுத்தானது.
ஓர்லா சொன்னாள், 'இனி உங்கள் இஷ்டம்.'
தெருவைக் கடந்தேன்.
கடைக்குள் ஏழு பேர் வரிசையில்.
என் முறை வந்ததும் சொன்னேன்,
பதினான்கு வாரம் பழகிய வாக்கியம் அல்ல,
வெறுமனே, 'எட்டை மூன்று என்று படித்துவிட்டேன்.'

மாலக்கி கையில் மாவைத் தட்டினார்.
'தெரியும். வக்கீல் காட்டினார்.
எனக்குமே அது மூன்றாகத்தான் தெரிந்தது.
தளத்துக்காக நான் கோபப்படவில்லை.
அந்தக் குடைக்காகத்தான்.'

பிறகு கம்பு ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றி
நான்கு யூரோ இருபது கேட்டார்.
இலவசமாகத் தந்திருந்தால்
அங்கேயே அழுதிருப்பேன்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் வந்துவிட்டது.
பிரீமியம் ஏறியிருக்கிறது, ஏறத்தான் செய்யும்.
படிவத்தில் கேள்வி:
'கடந்த ஆண்டில் உங்கள் மீது இழப்பீட்டுக் கோரிக்கை
ஏதேனும் உண்டா?'
ஆம்.
'விவரம் தருக.'
தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம்.

அடுப்பின் எடையை எழுதுகிறேன்.
எட்டு வரும்போது
பேனாவை மெதுவாக்கி
மேல் வட்டத்தை மூடுகிறேன்.
கீழ் வட்டத்தை மூடுகிறேன்.
வெளிச்சத்தில் பிடித்து
மறுபடி பார்க்கிறேன்.